மூணாம் நாள் கிரியாட்டினினை வெச்சு பையனோட கிட்னிக்கு தீர்ப்பு எழுதாதீங்க

உங்க கேள்விய ரெண்டு தடவை படிச்சேன். பையன் பொறந்து 24 நாள். ஏழாம் மாச ஸ்கேன்லயே ரெண்டு கிட்னியும் வீங்கியிருக்குன்னு சொல்லிட்டாங்க, பொறந்ததும் போஸ்டீரியர் யூரித்ரல் வால்வ், அதாவது மூத்திரக் குழாய அடைக்கற ஒரு ஜவ்வு, சுருக்கமா பியூவின்னு உறுதி பண்ணி, பத்தாம் நாள் டெலஸ்கோப் விட்டு வால்வ எரிச்சாச்சு. கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு ரத்தத்துல எவ்வளவு தேங்கியிருக்குன்னு காட்டற கிரியாட்டினின் மூணாம் நாள் 2.4, நேத்து பாத்ததுல 1.1. ஒரு டாக்டர் 'இது கிட்னி ஃபெயிலியர்லதான் போய் நிக்கும், மனச தேத்திக்கோங்க'ன்னுட்டார், இன்னொருத்தர் 'இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது'ங்கறார். யார் சொல்றது சரி, முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி இருக்கா, அடுத்த குழந்தைக்கும் இது வருமான்னு கேட்டிருக்கீங்க. நான் குழந்தைங்க கிட்னி வார்டுல இருபது வருஷத்துக்கு மேல வேலை பாக்கற டாக்டர். உங்க பையன நேர்ல பாக்காம அவனுக்குன்னு ஒரு முடிவு சொல்ல மாட்டேன், ஆனா இந்த மாதிரி குழந்தைங்களுக்கு நாங்க எதை வெச்சு, எப்ப, எவ்வளவு தைரியமா சொல்றோம்ங்கறத மறைக்காம சொல்றேன்.

இன்னிக்கு தேதிக்கு ரெண்டாவது டாக்டர் சொன்னதுதான் சரி. ஆனா அவர் 'இப்ப முடியாது'ன்னு அதோட விட்டிருக்கக் கூடாது, எப்ப முடியும்ங்கறதையும் சொல்லியிருக்கணும், அது தெரியாமத்தான் நீங்க ராத்திரி ரெண்டு மணிக்கு உக்காந்து இதெல்லாம் தேடிட்டு இருக்கீங்க.

முதல்ல அந்த மூணாம் நாள் நம்பர். குழந்தை வயித்துக்குள்ள இருக்கற வரைக்கும் ரத்தத்த சுத்தம் பண்றது நஞ்சுக்கொடிதான், அதனால பொறந்த உடனே எடுக்கற ரத்தத்துல இருக்கற கிரியாட்டினின் பெரும்பாலும் அம்மாவோடது. ரெண்டு கிட்னியுமே இல்லாம பொறக்கற குழந்தைக்குக் கூட முதல் நாள் கிரியாட்டினின் சாதாரணமா இருக்கும்னா பாத்துக்கோங்க. அதுக்கப்புறம் நல்ல கிட்னி உள்ள குழந்தைக்கு அது படிப்படியா எறங்கி சில வாரத்துல 0.3, 0.4ன்னு வந்து நிக்கும், குறைமாசத்துல பொறந்ததுன்னா இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கும். உங்க பையனுக்கு மூணாம் நாள் 2.4க்கு ஏறியிருக்குன்னா அடைப்பு கிட்னிய அழுத்திட்டு இருந்திருக்குங்கறது உண்மை, ஆனா அதுல எவ்வளவு நிரந்தர சேதம், எவ்வளவு அடைப்பால வந்த தற்காலிக மந்தம், எவ்வளவு தண்ணிச்சத்து குறைஞ்சதால, இன்ஃபெக்‌ஷனால வந்ததுன்னு அந்த ஒரு நம்பர்ல இருந்து யாராலயும் பிரிக்க முடியாது. வெள்ளம் வயல்ல நிக்கறப்ப எவ்வளவு பயிர் மிஞ்சியிருக்குன்னு கரையில நின்னு சொல்ல முடியுமா, வடியட்டும்னு காத்திருந்துதானே ஆகணும்.

அந்த வடிஞ்ச மட்டத்துக்குத்தான் நாங்க நாடிர் கிரியாட்டினின்னு சொல்றோம். அடைப்பு எடுத்ததுக்கு அப்புறம் முதல் ஒரு வருஷத்துல கிரியாட்டினின் எறங்கின ஆகக் குறைஞ்ச அளவு. ஸ்கேன், பெப்டைட்ங்கற சின்ன புரோட்டீன் துணுக்கு, மெஷின் லேர்னிங்னு எத்தனையோ வந்தாச்சு, இருந்தும் பியூவி குழந்தைங்கள்ல வருங்காலத்த சொல்ற ஒரே நம்பர் கேட்டா நான் இதைத்தான் சொல்வேன். ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கற கணக்கு, 0.8க்கு கீழ வந்தா நல்லது, 1.2க்கு மேலயே நின்னுட்டா பின்னாடி டயாலிசிஸோ மாற்று கிட்னியோ தேவைப்பட வாய்ப்பு ரொம்ப அதிகம். பின்னாடி வந்த ஆய்வுகள் இதை இன்னும் இறுக்கிடுச்சு, 0.4க்கு கீழ எறங்கின பசங்கள்ல டயாலிசிஸ் வரை போறவங்க ரொம்பக் கொஞ்சம், 0.85ஐ தாண்டி நிக்கறவங்களுக்கு ஆபத்து கணிசமா ஏறுது. நடுவுல இருக்கற 0.4லருந்து 0.85 வரைதான் எங்களுக்கே தலைவலி பிடிக்கற இடம், அங்க மத்த விஷயங்களையும் சேத்துப் பாக்கணும்.

0.8ங்கறது ரிப்போர்ட்ல பாத்தா சின்னதா தெரியும், லேப்காரங்க பெரியவங்களுக்கான அளவ அச்சடிச்சு வெச்சிருப்பாங்க, அதுல நார்மல்னே வந்துடும். இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. பாக்கற முறை இது: குழந்தையோட உயரம் சென்டிமீட்டர்ல, அதை 0.413ஆல பெருக்கி கிரியாட்டினினால வகுக்கணும், வர்றது ஏறக்குறைய கிட்னி வேலை செய்யற அளவு. ஒரு வயசு முடிஞ்ச பையன் 75 சென்டிமீட்டர்னு வெச்சுக்கோங்க. கிரியாட்டினின் 0.4னா 77 வருது. 0.8னா 39தான். 1.2னா 26. அதே 0.8 உங்களுக்கும் எனக்கும் இருந்தா ஒரு குறையும் இல்ல, ஒரு வயசுப் பையனுக்கு இருந்தா பாதிக்கு மேல போயாச்சுன்னு அர்த்தம். முதல் வருஷத்துக்குள்ள இந்த ஃபார்முலா அவ்வளவு துல்லியமா வராது, அதனால இப்பவே போட்டுப் பாத்து கலங்காதீங்க.

உங்க பையனுக்கு 24 நாள்ல 1.1, இன்னும் எறங்கிட்டு இருக்கு. எறங்கிட்டு இருக்கற நம்பர வெச்சு முடிவு சொல்றது தப்பு, எனக்கு அந்த முதல் டாக்டர் மேல வருத்தமே அதுதான். பல வருஷம் முன்னாடி தர்மபுரி பக்கத்துல இருந்து ஒரு தாத்தா பேரனத் தூக்கிட்டு வருவார், ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட் வந்ததும் தினசரி காலண்டர் தாளோட பின்பக்கம் நம்பர எழுதி அன்னிக்கு தேதியையும் போட்டு சட்டைப் பையில வெச்சுக்குவார். ஒரு மாசத்துல 1.9, ரெண்டாம் மாசம் 1.4, அப்புறம் 1.0, நடுவுல ஒரு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து மறுபடி 1.6, அப்புறம் 0.8, பதினோராம் மாசம் 0.6. அந்தத் தாளையெல்லாம் வரிசையா மேசை மேல பரப்பி 'எறங்குது இல்ல டாக்டர்'னு கேப்பார். எறங்கிச்சு. ஒரு மாசத்துல நிறுத்தி கணக்கு போட்டிருந்தா அந்தப் பையனுக்கு நாங்க தப்பாத்தான் சொல்லியிருப்போம்.

சரி, ஏன் வால்வ எரிச்சதும் எல்லாம் சரியாகறதில்லன்னு ஒரு சந்தேகம் வரும். கிட்னியில வடிகட்டற சின்ன அலகு நெஃப்ரான், ஒவ்வொரு கிட்னியிலயும் சராசரியா பத்து லட்சம். இதெல்லாம் கர்ப்பத்துல ஏறக்குறைய 36 வாரத்துக்குள்ள உருவாகி முடிஞ்சுடும், அதுக்கப்புறம் ஒண்ணு கூட புதுசா வராது. வால்வுங்கறது மூத்திரப்பைக்கு கீழ குழாய்ல இருக்கற மெல்லிசான ஜவ்வு, ஆம்பளைப் பசங்களுக்கு மட்டும் வர்றது, ஏறக்குறைய 5000லருந்து 8000 ஆண் குழந்தைங்களுக்கு ஒண்ணு. அது கர்ப்பத்தோட முன்பாதியிலயே அடைச்சுட்டா கிட்னி உருவாகறதே கோணலாயிடும், அதத்தான் டிஸ்ப்ளேசியாங்கறாங்க. நாங்க எரிக்கறது அடைப்ப மட்டும்தான், உருவாகாமப் போன நெஃப்ரான எந்த ஆபரேஷனும் கொண்டு வராது. மிஞ்சின கையிருப்ப வெச்சு மூணு கிலோ குழந்தைக்கு ஓட்டிடலாம், அதே கையிருப்பு அவன் அம்பது கிலோ ஆகறப்பவும் போதுமாங்கறதுதான் கேள்வி. பத்து வயசு வரை நல்லா இருந்த பையன் மீசை முளைக்கற வயசுல திடீர்னு கிரியாட்டினின் ஏறி வர்றது இதனாலதான், உடம்பு வளர்ந்துடுச்சு, கிட்னி வளரல.

ஸ்கேன்ல என்ன தெரியும்னா, கிட்னியோட வெளிப்பட்டை கல்லீரல விட வெள்ளையா பளிச்சுன்னு தெரியுதா, உள்ள சின்னச் சின்ன நீர்க்கட்டி இருக்கா, வெளிப்பட்டையும் உள்பகுதியும் பிரிஞ்சு தெரியுதா இல்ல ஒரே சாம்பல் கலரா இருக்கா, இதெல்லாம் பாருங்க. வீக்கம் எவ்வளவுங்கறத விட சதை எவ்வளவு மிச்சம்ங்கறதுதான் முக்கியம். அம்மா அப்பா எல்லாரும் 'வீக்கம் குறைஞ்சிருக்கா'ன்னுதான் கேக்கறாங்க, நான் 'சதை எப்படி இருக்கு'ன்னு கேளுங்கம்பேன். எம்சியு, அதாவது மூத்திரப்பையில மருந்து ஏத்தி எடுக்கற எக்ஸ்ரே படத்துல மூத்திரம் கிட்னிப் பக்கமா மேல ஏறுதா, ஒரு பக்கமா ரெண்டு பக்கமாங்கறதும் கணக்குல வரும். ஒரு பக்கம் மட்டும் பயங்கரமா ஏறி அந்தக் கிட்னி செத்துப் போனா, அது அழுத்தத்த வாங்கிட்டு மத்த கிட்னிய காப்பாத்திடுதுன்னு 1980கள்ல இருந்து சொல்லிட்டு வந்தாங்க, இப்ப அந்த நம்பிக்கை ரொம்பத் தேய்ஞ்சு போச்சு, நீண்ட நாள் பாத்ததுல அந்தப் பசங்களும் தப்பிச்சுடறதில்ல. அதனால யாராவது 'ஒரு கிட்னி போனது நல்லதுக்குத்தான்'னு சொன்னா அதை நம்பி செக்கப்ப விட்டுடாதீங்க.

கர்ப்பத்துலயே தெரிஞ்சிருக்காதான்னு உங்க வீட்டுக்காரங்க மனசுல ஓடிட்டு இருக்கும், அதையும் சொல்லிடறேன். பனிக்குடத் தண்ணி அஞ்சாம் மாசத்துக்கு மேல பெரும்பாலும் குழந்தையோட மூத்திரம்தான். 24 வாரத்துக்கு முன்னாடியே தண்ணி வத்திப் போச்சுன்னா நிலைமை மோசம், கிட்னி மட்டுமில்ல நுரையீரலும் விரியாது. உங்களுக்கு கடைசி வரை தண்ணி ஓரளவு இருந்ததுன்னு எழுதியிருக்கீங்க, அது நல்ல அறிகுறி. குழந்தையோட மூத்திரத்த ஊசி போட்டு எடுத்து சோடியம், பீட்டா 2 மைக்ரோகுளோபுலின்ங்கற சின்ன புரோட்டீன் பாக்கறதும் உண்டு, சோடியம் 100க்கு மேல இருந்தா கிட்னி உப்ப பிடிச்சு வைக்க முடியாம விடுதுன்னு அர்த்தம், ஆனா அந்த டெஸ்ட் தப்பாச் சொல்றதும் உண்டு. 2013ல பிரான்ஸ்ல துலூஸ் ஆராய்ச்சியாளர்கள் அந்த மூத்திரத்துலயே 12 பெப்டைட சேத்துப் பாத்து பின்னாடி கிட்னி எப்படி இருக்கும்னு கணிச்சாங்க, 38 குழந்தைங்கள வெச்சு சோதிச்சதுல மோசமாகப் போறவங்கள்ல 88 சதவீதத்தையும் நல்லா இருக்கப் போறவங்கள்ல 95 சதவீதத்தையும் சரியா சொல்லிச்சு. நம்ம ஊர் லேப்ல குடுத்து வாங்கற டெஸ்ட் இல்ல அது. வயித்துக்குள்ளயே குழாய் வெச்சு அடைப்ப எடுத்தா கிட்னி பிழைச்சுடுமான்னு இங்கிலாந்துல புளூட்டோன்னு ஒரு ஆய்வு நடந்துச்சு, 31 பேர்தான் சேந்தாங்க, 2013ல முடிவு வந்துச்சு, குழாய் வெச்ச குழந்தைங்க அதிகம் பிழைச்ச மாதிரி தெரிஞ்சாலும் ரெண்டு வயசுல கிட்னி நல்லா இருந்தது ரெண்டே ரெண்டு குழந்தைங்கதான். அதனால 'அப்பவே கவனிச்சிருந்தா'ன்னு அவங்க தன்னையே நொந்துக்க வேண்டாம், தயவுசெஞ்சு இத அவங்ககிட்ட படிச்சுக் காட்டுங்க.

இப்ப நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைக்கறது மூத்திரப்பைய பத்தி. கிரியாட்டினின் 0.5க்கு எறங்கிடுச்சு, எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போயிட்டாங்க, அப்புறம் நாலு வருஷம் வரல. இப்படி ஒரு பையன். ஒன்பது வயசுல திரும்ப வந்தான், ஸ்கூல்ல மூத்திர நாத்தம்னு யாரும் பக்கத்துல உக்கார மாட்டேங்கறாங்கன்னு அம்மா கண்ணுல தண்ணி வெச்சாங்க, சேட்டை பண்றான் சோம்பேறின்னு வீட்ல அடியும் வாங்கியிருக்கான். பாட்டில் பாட்டிலா தண்ணி குடிக்கறான், ஜட்டி எப்பவும் ஈரம். ஸ்கேன் எடுத்தா கிட்னியில இருந்து பைக்கு வர்ற ரெண்டு குழாயும் விரல் தடிமனுக்கு வீங்கிக் கிடக்கு, மூத்திரம் போயிட்டு வாடான்னு அனுப்பி மறுபடி பாத்தா பையில பாதிக்கு மேல அப்படியே நிக்குது. கிரியாட்டினின் 2.1. வால்வு திரும்ப வரல, பைக்கு கீழ இருக்கற குழாய் சுத்தமாத்தான் இருந்துச்சு. அடைப்ப எதிர்த்து தள்ளித் தள்ளியே கர்ப்பத்துல கெட்டியாகிப் போன பை அது, விரியவும் தெரியாது, முழுசா காலியாகவும் தெரியாது, கூடவே கிட்னிக்கு மூத்திரத்த அடர்த்தியாக்கற சக்தி போனதால ராத்திரி பூரா பை நிரம்பி வழியுது, அந்த அழுத்தம் மேல கிட்னிக்குப் போகுது. வால்வ் பிளாடர்னு சொல்வோம். ராத்திரில கதீட்டர் போட்டு வடிய விட்டதும் மூணு வாரத்துல குழாய் வீக்கம் பாதியாச்சு. ஆனா போன நெஃப்ரான் போனதுதான். அவன் அஞ்சு வயசுல வந்திருந்தா கதை வேற.

அதனால நாடிர் கிரியாட்டினின் நல்லா இருக்கறவங்களுக்கு ஆபத்து எங்க இருந்து வரும்னா பெரும்பாலும் இந்தப் பையில இருந்துதான். வால்வ எரிச்சு ஒண்ணுலருந்து மூணு மாசத்துக்குள்ள மறுபடி எம்சியுவோ டெலஸ்கோப்போ பாத்து மிச்சம் வால்வு இல்லன்னு உறுதி பண்ணச் சொல்லுங்க, மிச்சம் இருந்தா எந்த நம்பரையும் நம்ப முடியாது. இப்போதைக்கு நீங்களே பாக்கறதுக்கு ஒண்ணு இருக்கு, டயபர் மாத்தறப்ப அவன் மூத்திரம் போறத கவனிங்க, பாய்ஞ்சு வில்லு மாதிரி போகுதா, இல்ல சொட்டுச் சொட்டா முக்கி முக்கிப் போறானா. ஒரு நிமிஷம் போன்ல வீடியோ எடுத்துட்டு வந்தா நான் பத்து கேள்வி கேக்க வேண்டியதில்ல.

அடுத்தது காய்ச்சல். ஒவ்வொரு யூரின் இன்ஃபெக்‌ஷனும் கையிருப்புல கொஞ்சம் திருடிட்டுப் போகும். பிரான்ஸ்ல நடந்த ஒரு ஆய்வு, 2022ல வந்துச்சு, பியூவி குழந்தைங்கள்ல ஒரு பாதிக்கு தினசரி ஆன்டிபயாடிக் மட்டும், இன்னொரு பாதிக்கு அதோட சுன்னத்தும். காய்ச்சலோட வர்ற இன்ஃபெக்‌ஷன் முதல் குரூப்ல 20 சதவீதம், சுன்னத் பண்ணினவங்கள்ல 3 சதவீதம். நம்ம ஊர்ல இதைச் சொன்னா 'அது எங்க வழக்கம் இல்லையே'ன்னு தயங்கறாங்க, பெரியவங்க சங்கடப்படறாங்க, எனக்குப் புரியுது, ஆனா இது கிட்னிக்காக பண்ற சின்ன ஆபரேஷன், அவ்வளவுதான். உங்க சர்ஜன்கிட்ட கண்டிப்பா கேளுங்க. காய்ச்சல் வந்தா பாரசிட்டமால் மட்டும், ஐபூப்ரோஃபன், மெஃபனமிக் ஆசிட் ரெண்டும் வீட்டுக்குள்ளயே வேண்டாம், எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல் வார்த்தையா 'பையனுக்கு பியூவி'ன்னு சொல்லிடுங்க. வாந்தி பேதி வந்தா மத்த குழந்தைங்க மாதிரி ஒரு நாள் பாக்கலாம்னு இருக்காதீங்க, இந்தக் கிட்னிக்கு தண்ணியையும் உப்பையும் பிடிச்சு வைக்கத் தெரியாது, அரை நாள்ல உலர்ந்து போயிடுவான். யாராவது கிட்னி கேஸ்னு சொல்லி உப்பக் குறை, தண்ணியக் குறைன்னா கேக்காதீங்க, இந்த வயசுல இவங்கள்ல நிறைய பேருக்கு நாங்க உப்பு சேத்துத்தான் குடுக்கறோம், சோடா பைகார்பும் கூட. எடை ஏறாத குழந்தைய பாத்தா எனக்கு கிரியாட்டினின விட அதுதான் பயம் காட்டும்.

ஒரு வயசுக்கு அப்புறம் வருஷா வருஷம் பிபி, மூத்திரத்துல புரோட்டீன். புரோட்டீன் ஒழுக ஆரம்பிச்சா மிஞ்சின நெஃப்ரான் சுமை தாங்காம திணறுதுன்னு அர்த்தம், கிரியாட்டினின் ஏறறதுக்கு பல காலம் முன்னாடியே இது மணி அடிச்சுடும். பிபிய ஏத்தறதுல பங்கு உள்ள, கிட்னி சுரக்கற ரெனின் அளவ முன்னறிவிப்பா பாக்கலாமான்னு டெல்லி எய்ம்ஸ்ல நிறைய வேலை பண்ணியிருக்காங்க. இது வெறும் தெரிஞ்சுக்கறதுக்காக இல்ல, 2009ல ஐரோப்பாவுல கிட்னி கோளாறு உள்ள 385 குழந்தைங்கள்ல எல்லாருக்கும் ராமிப்ரில்ங்கற பிபி மருந்து குடுத்து, ஒரு பாதிக்கு பிபிய இன்னும் இறுக்கமா வெச்சுப் பாத்தாங்க, அந்தப் பாதியில கிட்னி கெட்டுப் போற ஆபத்து 35 சதவீதம் குறைஞ்சுது. மூணு வயசுக்கு மேல உள்ளவங்கள வெச்சு பண்ணினது அது, உங்க பையனுக்கு இப்ப பொருந்தாது, ஆனா பின்னாடி கையில இருக்கற ஆயுதம். கனடாவுல டொரன்டோ டாக்டர்ஸ் நாடிர் கிரியாட்டினின், மூத்திரம் மேல ஏறற கிரேடு, ஸ்கேன்ல டிஸ்ப்ளேசியா மூணையும் போட்டா எத்தனை வருஷத்துல என்ன ஆகும்னு கணிக்கற கம்ப்யூட்டர் டூல் பண்ணியிருக்காங்க. அதுக்கும் உள்ள போடறது அந்த முதல் வருஷ நம்பர்தான், அதனால அதுவும் உங்களுக்கு இன்னிக்கு பதில் சொல்லாது.

மொத்தத்துல எவ்வளவு பேருக்கு கிட்னி போகுதுன்னா, நீண்ட நாள் தொடர்ந்து பாத்த ஆய்வுகள்ல அஞ்சுல ஒருத்தர்ல இருந்து மூணுல ஒருத்தர் வரைக்கும் இளவயசுக்குள்ள டயாலிசிஸோ மாற்று கிட்னியோ தேவைப்படற இடத்துக்கு வர்றாங்க. அந்தப் பக்கம் போனாலும் வழி இருக்கு, வீட்லயே வயித்து வழி டயாலிசிஸ் பண்ணி வளர்த்து, பத்து கிலோ தாண்டினதும் அம்மாவோ அப்பாவோ கிட்னி குடுத்து ஸ்கூலுக்குப் போற பசங்க இருக்காங்க. அது வேற நாள் பேச வேண்டிய பேச்சு, இப்ப அதை மனசுல ஏத்திக்க வேண்டாம்.

கடைசியா அடுத்த குழந்தை பத்தி. பியூவி பெரும்பாலும் குடும்பத்துல ஒருத்தருக்கு தனியாத்தான் வருது, அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் வந்ததா அங்கங்க பதிவு இருக்கு, ஆனா அபூர்வம். நீங்க சாப்பிட்டது, வீட்டுக்காரங்க நடந்தது, கிரகணம் பாத்தது எதுவும் காரணம் இல்ல. அடுத்த தடவை இருபதாவது வார ஸ்கேன் எடுக்கறப்ப டாக்டர்கிட்ட பெரியவனுக்கு இப்படி இருந்துச்சுன்னு சொல்லி கிட்னியையும் மூத்திரப்பையையும் தனியா பாக்கச் சொல்லுங்க, அப்புறம் 30 வாரம் வாக்குல இன்னொரு தடவை, ஏன்னா சில வால்வு இருபது வாரத்துல பிடிபடாது, உங்க பையனுக்கே ஏழாம் மாசத்துலதானே தெரிஞ்சுது.